நான்காவது டிஸ்க்கில் அப்பா

எங்கள் நிறுவனத்தில் பூஞ்சணம் பிடித்த பொருளைக் குப்பையில் போடுவதற்குக்கூட என்னைக் கேட்பார்கள். பிரின்டர் இறுகினால் என்னைக் கேட்பார்கள். மழைக்கு ஜன்னல் அடைபட மறுத்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். விழா மலரில் யாருடைய படத்தைப் போடுவது என்பதை மட்டும் இதுவரை கேட்டதில்லை.

கண்டியில் அந்தக் கம்பியூட்டர் வகுப்பு தொடங்கியபோது அது ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. இப்போது மூன்று மாடி. நான் அங்கே மாணவியாகப் போய்ச் சேர்ந்து, பிறகு படிப்பிப்பவளாகி, இப்போது ஆய்வுகூடப் பொறுப்பாளர் என்ற நீளமான பெயரோடு திரிகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அடுத்த வருடம் ஓய்வு. நிறுவனத்தின் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் அழைப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேரூன்றியவர். இந்த வருடம் அவருக்குப் பவள விழா எடுத்தார்கள்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இரும் பிள்ளை," என்று கதிரையைக் காட்டினார். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருக்கு நான் இன்னும் பிள்ளைதான். "எங்கடை முதல் மிசினை மேடையிலை ஓட வைச்சுக் காட்ட வேணும். நான் அதிலை முதன்முதல் அடிச்ச கடிதத்தை எல்லாருக்கும் முன்னாலை திறந்து காட்டப் போறன். இதைச் செய்ய உம்மளை விட்டா ஆர் இருக்கினம்?"

உம்மளை விட்டா ஆர் என்பதை முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். ஆரம்பத்தில் இனித்தது. இப்போது அந்த வார்த்தை வந்தால் வேலை ஒன்று வருகிறது என்று காது தானாக எச்சரிக்கும். "பாக்குறேன் சேர்," என்று எழுந்து வந்தேன்.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்குள் எதையும் சேமித்து வைக்க இடம் கிடையாது. எல்லாமே பிளாப்பி டிஸ்க்கில்தான். உள்ளங்கையைவிடப் பெரிதாக, கறுப்பாக, பிடித்தால் வளைகிற சதுரத் தகடு. மெஷின் கண் திறப்பதற்கு ஒரு டிஸ்க், கடிதம் அடிக்கும் புரோகிராமுக்கு ஒரு டிஸ்க், அடித்த கடிதத்தை வைப்பதற்கு இன்னொன்று. டிஸ்க் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புப் பெட்டி.

ஸ்டோர் அறை அலுமாரியின் மேல் தட்டில் டிஸ்க் பெட்டி இருந்தது. திறந்து பார்த்தேன். குளத்துப் பக்கமிருந்து வரும் ஈரம் எங்கள் ஊரில் எதைத்தான் விட்டு வைத்தது? வட்டமான ஓட்டை வழியாகத் தெரிந்த தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். டிரைவ் கிறீச்சிட்டது. வெளியே எடுத்தால் தகட்டில் ஒரு வளையம் சுரண்டப்பட்டு, பின்னால் வெளிச்சம் தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் எனக்குக் கவலை வரவில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்பு அந்த அறையின் கூரை ஒழுகியபோது, யாரும் சொல்லாமலே, எல்லா டிஸ்க்குகளையும் இமேஜ் ஃபைலாக எடுத்து ஒரு சீடியில் பதிந்து வைத்திருந்தேன். இமேஜ் என்றால் கடிதங்களை மட்டும் பிரதி எடுப்பதல்ல. முதல் வளையத்திலிருந்து கடைசி வளையம் வரை, எழுதிய இடம், காலி இடம், கறை பிடித்த இடம் என்று பாராமல் டிஸ்க்கை முழுதாக அப்படியே அள்ளுவது. அந்த சீடி என் மேசை லாச்சியில், வரவுப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்த காலத்தில் சேரிடம் சொன்னபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "நல்ல வேலை பிள்ளை" என்றார். நானும் மகிழ்ந்து போனேன். அப்படிப்பட்ட பேதை நான்.

இமேஜ் இருக்கிறது, எழுதுவதற்கு வெற்று டிஸ்க் வேண்டும். இந்தக் காலத்தில் அதை எங்கே போய்த் தேடுவது? அக்குறணையில் பழைய எலெக்ட்ரோனிக் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவரைத் தெரியும். எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பல வருடமாக வயரும் பிளக்கும் தருபவர். நானா, அதாவது அண்ணன் என்றுதான் அழைப்பேன். மாத்தளை பஸ்ஸில் ஏறிப் போனேன்.

"ஈக்கிது டீச்சர்," என்று ஏணி வைத்து ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கினார். "சீல் கூட உடைக்கல்ல. யாரும் இதக் கேட்டு வாரதே இல்ல. இத வெச்சி என்ன செய்யப் போறீங்க?"

"செத்துப்போன டிஸ்க்குகளத் திரும்ப உண்டாக்கப் போறேன் நானா."

"அப்ப மவுத்தானத எழுப்பப் போறீங்க," என்று சிரித்தார். "பாத்து டீச்சர், எழும்பினா பேசத் தொடங்கிரும்."

நானும் சிரித்தேன். அந்த மனிதர் பகிடிக்குச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வகுப்புகள் இல்லாத நேரம், ஆய்வுகூடத்தில் உட்கார்ந்தேன். பழைய மெஷினில் இரண்டு டிரைவ் உண்டு. ஒன்றைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அதன் தலையைத் துடைத்து, இதற்கென்றே ஆட்கள் விற்கும் சின்ன சர்க்கிட் பலகை ஒன்றின் வழியாக இப்போதைய கம்பியூட்டரோடு இணைத்தேன். புதிய டிரைவில் எழுதினால் கோடு மெலிந்து போகும், பழைய மெஷினுக்கு வாசிக்க வராது. அதனால் அதன் சொந்தக் கையாலேயே எழுத வைக்க வேண்டும். டக், டக் என்று ஒவ்வொரு வளையமாக நகர்ந்து எழுதும். பிறகு எழுதியதைத் திரும்ப வாசித்து இமேஜோடு ஒப்பிடும்.

அந்த மெஷின் மீது எனக்கு நீண்ட நாள் கோபம் உண்டு. டிரைவ் டக்டக் என்று ஓடிக்கொண்டிருக்க, அந்தக் கோபமும் கூடவே ஓடியது.

நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுபவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அதையும் போடுவதற்கு முன் உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இறக்குவார். தோட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரு பேப்பர் வந்தால் யாரும் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. கொண்டு வந்தவர் காட்டுகிற இடத்தில் போடுவார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

அப்படிப்பட்டவர் என்னைக் கண்டியில் போர்டிங்கில் விட்டு அந்த மெஷினில் படிக்க வைத்தார். படித்து முடித்து, வகுப்பில் சேருக்கு உதவியாகப் பாதி நேரம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், கொழும்பில் ஒரு நிறுவனம் புரோகிராம் எழுதப் பழக்கி வேலையும் தருவதாகப் பரீட்சை வைத்தது. நான் தெரிவானேன். அடுத்த மாதம் முதலாம் திகதி வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பெட்டிகூட வாங்கிவிட்டேன். இருபத்திரண்டு வயதில் எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். வேறு எதன் மேலும் நான் அவ்வளவு ஆசை வைத்ததில்லை, அதற்குப் பிறகும் வைக்கவில்லை.

பதினைந்து நாளில் இரண்டாவது கடிதம் வந்தது. உங்களைக் கொழும்புக்கு அனுப்பச் சம்மதமில்லை என்று உங்கள் தந்தையார் கையெழுத்திட்ட கடிதம் கிடைத்தது, எனவே இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள்.

அன்றைய கொழும்பை நினைவுள்ளவர்களுக்குத் தெரியும். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. தமிழ்ப் பெயரோடு அறை தேடினால் பொலிஸில் பதிய வேண்டும். ஒரு தகப்பன் பயந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தாரே என்பதுதான் எனக்கு நெருப்பாக இருந்தது. அன்றே பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"கொழும்பு வேலைப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன் புள்ள," என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கொன்றது. செய்வதையும் செய்துவிட்டுச் சிரிக்கிறாரே என்று தலை சுற்றியது. இனி எனக்கு அப்பா இல்லை என்று கத்திவிட்டு, வந்த பஸ் திரும்பி வரும்போது அதிலேயே ஏறிவிட்டேன். அவர் ரோட்டு வரை பின்னால் ஓடி வந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். இறங்கவில்லை.

சேர்தான் ஆறுதல் சொன்னார். "தோட்டத்துத் தகப்பன்மார் அப்பிடித்தான் பிள்ளை. பயந்த சனம். நீர் யோசிக்காதையும், இஞ்சை உமக்கு இடம் இருக்கு." அடுத்த வாரமே என்னை முழு நேரமாக எடுத்துக்கொண்டார். அன்று அவர் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அதன்பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துக்குப் போவேன், சாப்பிட்டு வருவேன். பேச்சு என்று ஒன்றும் கிடையாது. ஒரு பொங்கலன்று, நான் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"அந்தக் கையெழுத்து கோணலாப் போச்சா புள்ள? அதுனாலதான் வேல இல்லன்னுட்டாங்களா?"

தெரியாதவர் மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேன். பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். சில வருடம் கழித்து இன்னொரு தடவை அதையே கேட்டார். "அதப் பத்தி இனிப் பேசாதீங்க," என்று வெட்டிவிட்டேன். அவர் பிறகு பேசவில்லை. சாகும் வரை பேசவில்லை. அவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. தகரப் பெட்டியில் அடையாள அட்டையும் அம்மாவின் ஒரு படமும் ஒரு கொப்பியும் இருந்தன. கொப்பியைப் புரட்டினால் பக்கம் பக்கமாக அவருடைய கையெழுத்து. வயதான காலத்தில் பொழுது போகாமல் கிறுக்கியிருக்கிறார் என்று எண்ணி, போட மனம் வராமல் எடுத்து வந்து வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் ஓடி முடிவதற்குள் மூன்று டிஸ்க்குகள் எழுதியாகிவிட்டன. நான்காவது சேரின் கடிதங்கள் இருந்த டிஸ்க். மேடையில் காட்ட வேண்டியது அதுதான். எழுதி முடித்து ஒப்பிடும்போது ஓரிடத்தில் மட்டும் பொருந்தவில்லை என்று புரோகிராம் சொன்னது. அக்குறணை டிஸ்க்கில் அந்த இடம் கெட்டுப் போயிருக்க வேண்டும். டிஸ்க்கின் அட்டவணையைப் பார்த்தால் அது காலி இடம். எந்த ஃபைலும் அங்கே இல்லை. காலி இடமென்றால் விட்டுவிடலாம், நஷ்டமில்லை. நான் எதையும் பார்க்காமல் விடுகிறவள் இல்லை. இமேஜ் ஃபைலில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன்.

காலி இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது.

முழுப்பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் இலக்கம். கீழே ஆங்கிலத்தில், இன்னாரின் தந்தையாகிய நான் அறியத் தருவது என்று தொடங்கும் கடிதம்.

ஒரு ஃபைலை அழித்தால் அது அழிவதில்லை. இதை முப்பது வருடமாக நானே வகுப்பில் படிப்பித்து வருகிறேன். இடாப்பில் ஒரு மாணவியின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டால், பெயர் கூப்பிடும்போது அவள் விடுபடுவாள். ஆனால் வாங்கில் அவள் உட்கார்ந்துதான் இருப்பாள். அந்த இடத்தில் வேறொருத்தி வந்து உட்காரும் வரை இருப்பாள். பழைய டிஸ்க்கும் அப்படித்தான். அழித்த ஃபைலின் பெயரில் முதல் எழுத்துத்தான் போகும். இந்த உதாரணத்தைச் சொல்லி எத்தனை பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அட்டவணையை மறுபடி பார்த்தேன். முதல் எழுத்து இல்லாத ஃபைல்கள் மூன்று, வரிசையாக. ஆங்கிலத்தில் தகப்பன் என்ற சொல், ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டு. மூன்றையும் படித்தேன். ஒன்றில், நான் இதய நோயாளி, என்னைப் பார்க்க மகளை விட்டால் ஆளில்லை என்று அப்பா சொல்கிறார். அந்த வாரம் அப்பா ஸ்டோரில் விறகு தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவதில், மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று என்கிறார். மாப்பிள்ளை யாரென்று எனக்கும் தெரியவில்லை. மூன்றாவதில், நாட்டு நிலைமையைக் கருதி வயது வந்த பெண்ணைத் தலைநகருக்கு அனுப்ப விரும்பவில்லை என்கிறார். அது நன்றாக அமைந்திருந்தது. எந்தத் திருத்தமும் இல்லை. கீழே கையெழுத்துக்குப் புள்ளிக் கோடு.

தன் மகளைத் தடுக்க நினைக்கிற தகப்பன் மூன்று காரணத்தை எழுதிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அதுவும் ஆங்கிலத்தில், சேரின் டிஸ்க்கில்.

ஃபைலின் திகதி ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா மாதம் ஒருமுறை போஞ்சியும் கோவாவும் என்று தோட்டத்து மரக்கறியை உரப்பையில் கட்டி எனக்குக் கொண்டுவருவார், சேருக்கும் ஒரு பங்கு தருவார். அன்று நான் உள்ளே படிப்பித்துக்கொண்டிருந்தேன். முடித்து வந்து பார்த்தால் மூலையில் உரப்பை மட்டும் இருந்தது. "அப்பா வந்திட்டுப் போட்டார், அவசரமாம்," என்றார் சேர். மேசையில் பேனா மூடி கழன்று கிடந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை.

அந்தக் கடிதம் பதினைந்து வருடமாக என் லாச்சியிலேயே கிடந்திருக்கிறது. அந்த சீடியை நான் பதிந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். மூன்று வருடம் இருந்தார். ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் போதும். இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் அவருடைய வாசல். சேர் மீது வந்த ஆத்திரத்தைவிட, அந்த நேரத்தில் என் மீது வந்த ஆத்திரம்தான் பெரிது.

அழித்ததை மீட்க ஒரு பழைய கட்டளை உண்டு. அது மரியாதையாக ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் பெயரின் முதல் எழுத்து என்ன? வேறொரு புதிய டிஸ்க்கில் இமேஜை எழுதி, இந்தத் தடவை எல்லாம் பொருந்திய பிறகு, பழைய மெஷினில் போட்டு அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். கேட்டது. மூன்று முறையும் பதில் சொன்னேன். மூன்று ஃபைலும் எழுந்து பட்டியலில் வந்து நின்றன.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பொன்னாடைக்கு மேல் பொன்னாடையாகப் போர்த்தியதில் சேரின் கழுத்து மறைந்துவிட்டது. பேசியவர்களில் ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகளையும் ஆளாக்கிய பெருமகன் என்று சொல்லி என்னைக் கை காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

பிறகு மெஷின். நான் பக்கத்தில் நின்று டிஸ்க்குகளை எடுத்துக் கொடுத்தேன். பச்சை எழுத்து வந்ததும் மண்டபத்தில் ஒரு ஆரவாரம். சேர் நான்காவது டிஸ்க்கைப் போட்டு, கட்டளை அடித்துப் பட்டியலைக் கேட்டார். பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறந்திருப்பார் என்று ஒரு சின்ன நம்பிக்கை எனக்கு இருந்தது. மறந்தவருக்கு முகம் அப்படிப் போகாது.

அவர் கையை நீட்டி, திரையின் ஓரத்திலிருந்த குமிழைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தார். எழுத்துகள் மங்கி இல்லாமல் போயின.

"பழைய மிசின், கண்ணைக் கூசுது," என்றார் மைக்கில். சனம் சிரித்தது. காட்ட வேண்டிய கடிதத்தைக் காட்டாமலே அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் என்னை மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அது எப்பிடி வந்தது?"

"அழியல சேர். முதல் எழுத்து மட்டுந்தான் போயிருந்திச்சு."

கதிரையில் உட்கார்ந்தார். "அந்த நேரம் கொழும்பு இருந்த இருப்பு உமக்குத் தெரியும்தானே. உம்மடை நன்மைக்குத்தான் யோசிச்சனான்."

"என் நன்மைக்குன்னா ஒரு காரணம் போதும் சேர். மூணு எழுதிப் பாத்திருக்கீங்க."

வெளியே பாத்திரச் சத்தம் கேட்டது. பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் என்னிடம் உண்மை பேசினார். "நீர் போயிருந்தா நான் வகுப்பை மூடியிருப்பன். ஆர் இருந்தவை எனக்கு? அந்த மிசினைத் தொடத் தெரிஞ்ச ஆள் நீர் ஒராள்தான்."

உம்மளை விட்டா ஆர். அதன் விலை என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்பாகிட்ட என்ன பேப்பர்னு சொல்லி வாங்குனீங்க?"

"மகளுக்கு வேலை கிடைச்சிருக்கு, அதுக்குத் தகப்பன்ரை சம்மதம் வேணும் எண்டு சொன்னன்." குனிந்துகொண்டார். "மனுசன் நல்ல சந்தோசமாப் போனது."

அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாசலில் நின்று நான் கேட்டபோது, போட்டேன் புள்ள என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு. மகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்த தகப்பனின் சிரிப்பு அது.

"வேல இல்லாமப் போனது தன் கையெழுத்து கோணலாப் போனதாலன்னு நெனச்சுக்கிட்டே செத்தாரு சேர்," என்றேன்.

சேர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது விளங்கவே இல்லை. "கையெழுத்தோ? அதிலை ஒரு பிழையும் இல்லையே பிள்ளை. திறமா வைச்சுத் தந்தவர்."

அப்பா இரண்டு முறை என்னிடம் கேட்ட கேள்விக்கு, பொன்னாடைக்குள்ளிருந்து பதில் வந்தது. நான் கதவைத் திறந்தேன்.

"அதை அழிச்சு விடும் பிள்ளை," என்றார் பின்னாலிருந்து.

"நீங்களே அழிங்க சேர். எப்படின்னு உங்களுக்குத் தெரியுமே."

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். இந்த வயதில் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போக எனக்கு வேறு கதவு இல்லை, அந்தக் கதவை முப்பது வருடத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். பழைய மெஷினை யாரோ மீண்டும் ஸ்டோர் அறையில் வைத்திருந்தார்கள். நான்காவது டிஸ்க்கை மட்டும் காணவில்லை. தேடவில்லை. இமேஜ் என்னிடம் இருக்கிறது.

ஆனால் அதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, கட்டுகஸ்தோட்டையில் நான் இருக்கும் அறையின் அலுமாரியைத் திறந்து அப்பாவின் கொப்பியை எடுத்தேன். பன்னிரண்டு வருடமாக இருந்தும் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். முதல் பக்கங்களில் எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறியும் கீழே இறங்கியும் கிடந்தன. பத்துப் பதினைந்து பக்கம் தள்ளிக் கொஞ்சம் அடங்கியிருந்தன. அடித்துத் திருத்திய இடங்கள் இருந்தன. ஒரே எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பழகிய இடங்களும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு கையெழுத்தும் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அடுப்படியில் விறகு தள்ளிய கை அது.

எனக்குக் காட்டத்தான் பழகியிருக்கிறார். வேறு யாருக்கு? நான் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போய் உட்கார்ந்து சாப்பிட்ட பலகைக்கு எதிரேதான் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. ஒரு தடவைகூட அவர் அதைத் திறந்து கொப்பியை என்னிடம் நீட்டவில்லை. அதைப் பற்றி இனிப் பேசாதீங்க என்று நான்தான் சொல்லியிருந்தேனே.